பள்ளிக்கூடத்தில் நாயகர்களைப் பற்றிப் பேசப் போகிறீர்களா? முதல்முறை போகும் எழுத்தாளருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைகளுக்காக ஒரு வரலாற்று நூல் எழுதி வெளியிட்டதும், தெரிந்த ஆசிரியர் ஒருவராவது "எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகள்கிட்ட பேசுங்களேன்" என்று கேட்பார். நாமும் மகிழ்ச்சியோடு சரி என்று சொல்லிவிடுவோம். யாரிடம் அனுமதி வாங்குவது, என்னென்ன தாள்கள் வேண்டும், செலவு யாருடையது, எந்த மாதத்தில் போகலாம், எதைப் பேசினால் சிக்கல் வரும் என்ற கேள்விகளெல்லாம் அப்புறம்தான் வரிசையாக வந்து நிற்கும். இவற்றை எனக்குச் சொல்ல ஆள் இல்லை. என் கடிதம் ஓர் அலுவலகத்தில் எந்த மேசையில் இருக்கிறது என்றே தெரியாமல் வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது. ஆசையோடு வருகிற எழுத்தாளர்கள் இப்படி அலைந்து, "இனி பள்ளிக்கூடமே வேண்டாம்" என்று ஒதுங்கிவிடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளையும் அரசு உதவிபெறும் பள்ளிகளையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். தனியார் பள்ளிக்கு வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

1. தலைமை ஆசிரியரை நேரில் பாருங்கள்

அழைத்தவர் தமிழாசிரியராகவோ சமூக அறிவியல் ஆசிரியராகவோ இருப்பார். அவருடைய ஆர்வம் உண்மையானதுதான். ஆனால் பள்ளிக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பு தலைமை ஆசிரியருடையது. எனவே எழுத்து வேலையைத் தொடங்குமுன் ஒருமுறை நேரில் போய் ஹெச்.எம்.மைப் பாருங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, மாலை நான்கரை மணி வாக்கில் போனால் அவருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். காலை வணக்கக் கூட்டம் நடக்கும் நேரத்தில் போய் நிற்க வேண்டாம்.

கையில் உங்கள் நூலின் ஒரு பிரதி இருக்கட்டும். அதை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். படித்துப் பார்த்த தலைமை ஆசிரியர், மேலதிகாரி கேட்கும்போது உங்களுக்காகத் தைரியமாகப் பேசுவார்.

உதவிபெறும் பள்ளி என்றால் தாளாளர் அல்லது செயலரின் ஒப்புதலும் வேண்டும். தனியார் பள்ளியில் முதல்வரோ நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளரோ போதும், அங்கே பெரும்பாலும் மின்னஞ்சலிலேயே வேலை முடிந்துவிடும்.

2. வாய்மொழி அனுமதியோடு நிற்காதீர்கள்

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம் சார், நீங்க வாங்க" என்று சொல்வார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனாலும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். 2024 செப்டம்பரில், சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் வெளியிலிருந்து வந்த ஒருவரின் பேச்சு பெரும் சர்ச்சையானது. பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறைகள் வகுக்கும்படி முதலமைச்சர் உத்தரவிடும் அளவுக்கு அது போயிற்று. அதற்குப் பிறகு, வெளியாள் என்றாலே கல்வித்துறையில் கூடுதல் கவனம் இருக்கிறது. அது நியாயமும்கூட. ஏதாவது பிரச்சினை என்றால் நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம், விளக்கம் எழுதிக்கொண்டிருப்பவர் தலைமை ஆசிரியர்.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலர் அல்லது மாவட்டக் கல்வி அலுவலர் வழியாகவும், தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகவும் கடிதம் போவது வழக்கம். மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சியின் கல்விப் பிரிவு. எந்தக் கடிதம் யாருக்கு என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் கொஞ்சம் மாறும். உங்கள் பள்ளியின் வழக்கத்தைத் தலைமை ஆசிரியரிடமே கேட்டு, அவர் சொல்லும் அலுவலருக்கே 'பெறுநர்' போடுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். 'பொருள்' என்ற இடத்தில் பள்ளியின் பெயர், நாள், வகுப்பு, தலைப்பு நான்கும் வர வேண்டும். "மாணவர்களிடையே உரையாற்ற அனுமதி கோருதல்" என்று மட்டும் எழுதினால், "எந்தப் பள்ளி, என்ன பேச்சு?" என்று திருப்பிக் கேட்பதிலேயே இரண்டு வாரம் போய்விடும். கட்டணம் கேட்கவில்லை, நூல் விற்பனை இல்லை, அரசியல், மதம், சாதி சார்ந்த பிரச்சாரம் இல்லை, ஆசிரியர் உடனிருப்பார் என்ற நான்கு செய்திகளையும் கடைசிப் பத்தியில் தெளிவாக எழுதிவிடுங்கள். அதிகாரியின் மனத்தில் எழும் கேள்விகள் இவைதான்.

கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுக்கும்போது இரண்டாவது பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு விசாரிக்கப் போகும்போது அந்த முத்திரைதான் பேசும். அனுமதி வந்தால் அது 'செயல்முறைகள்' என்று தலைப்பிட்ட உத்தரவாக, ந.க.எண் என்ற கோப்பு எண்ணோடு வரும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது, முந்தைய கடிதங்களைக் குறிப்பிடும் 'பார்வை' பகுதியில் காட்டலாம். முதல் அனுமதிக்கு ஆகும் காலத்தைவிட இரண்டாவது வேகமாகக் கிடைக்கும்.

எவ்வளவு நாள் ஆகும்? ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு ஆறு வாரம் முன்பே கடிதம் உள்ளே போயிருந்தால் பதற்றம் இருக்காது.

3. கோப்பில் இருக்க வேண்டியவை

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி, கீழ்க்கண்டவற்றை மூன்று நகல் வீதம் போட்டு வைத்துவிடுங்கள்.

- அனுமதிக் கடிதம், முத்திரை பெற்ற பிரதி
- ஆதார் நகல்
- ஒரு பக்கத் தன்விவரம், வெளியான நூல்களின் பட்டியலோடு
- பேச்சின் சுருக்கம்: யாரைப் பற்றி, எந்த வகுப்புக்கு, எத்தனை நிமிடம், என்ன காட்டப்போகிறீர்கள்
- காட்டப்போகும் படங்களின் சிறிய நகல்கள்
- தனியார் பள்ளி மதிப்பூதியம் தருவதாக இருந்தால் பான் அட்டை நகல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம்

பேச்சின் சுருக்கத்தை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். அதைக் கேட்காமலே கொடுத்தால் பாதித் தயக்கம் தீர்ந்துவிடும். அதில் எழுதியதைத் தாண்டிப் போகாமல் பேசுவதும் அவசியம்.

4. நாள் குறிப்பது

ஜூன் வேண்டாம். சேர்க்கை, பாடநூல் வழங்கல் என்று பள்ளியே பரபரப்பாக இருக்கும். ஜூலையும் ஆகஸ்டும் மிக நல்ல மாதங்கள். செப்டம்பர் நடுவில் காலாண்டுத் தேர்வு வேலை தொடங்கிவிடும். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் போகலாம், ஆனால் வடகிழக்குப் பருவமழை. காலை ஏழு மணிக்கு விடுமுறை அறிவிப்பு வந்தால் எல்லாம் போயிற்று. எனவே அந்த மாதங்களில் மாற்று நாள் ஒன்றையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அனுமதியைப் புதிதாக வாங்கச் சொல்வார்கள். டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்குப் போய்விடும். பொங்கல் முடிந்து ஜனவரி இறுதி வரை ஒரு வாய்ப்பு உண்டு. பிப்ரவரிக்கு மேல் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எந்த மாதத்திலும் கிடைக்காது. ஆறு முதல் ஒன்பது வரை கேளுங்கள்.

நாயகர்களைப் பற்றிப் பேசுவதற்குப் பள்ளி நாட்காட்டியிலேயே பொருத்தமான நாட்கள் உண்டு. ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், வ.உ.சி. பிறந்ததும் அன்றுதான். செப்டம்பர் 11 மகாகவி நாள். நவம்பர் 14 குழந்தைகள் தினம், அன்று தொடங்கி 20 வரை தேசிய நூலக வாரம். ஆனால் விழா நாளிலேயே போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து. அன்று பேச்சுப் போட்டி, மாறுவேடம், பரிசளிப்பு என்று நிறைய இருக்கும். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமாகும். கடைசியில் உங்களுக்குப் பத்து நிமிடம் கொடுப்பார்கள், அதுவும் பிள்ளைகள் பசியில் இருக்கும் நேரத்தில். விழாவுக்கு இரண்டு நாள் முன்போ பின்போ, நூலகப் பாடவேளையிலோ இலக்கிய மன்றக் கூட்டத்திலோ நேரம் கேளுங்கள்.

5. ஒரே ஒருவர், அவர் வாழ்வில் ஒரே ஒரு கட்டம்

தயாரிப்பில் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. நாற்பது நிமிடத்தில் வேலு நாச்சியார், கட்டபொம்மன், மருது சகோதரர்கள், பாரதி, குமரன் என்று வரிசையாகச் சொன்னால், பிள்ளைகளுக்குப் பாடநூலை இன்னொருமுறை கேட்டது போலத்தான் இருக்கும். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, பெற்ற பட்டம் எல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதில் தேர்வே எழுதியிருப்பார்கள். உங்களிடம் அவர்களுக்கு வேண்டியது வேறு. அந்த மனிதர் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்த நேரத்தில் அவருக்கு முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன என்று காட்டுங்கள்.

வ.உ.சி.யை எடுத்துக்கொள்வோம். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார், காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இவரும் குறைத்தார். கடைசியில் அவர்கள் இலவசமாக ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார்கள், ஆளுக்கு ஒரு குடையும் தருவதாகச் சொன்னார்கள். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "நீங்கள் துறைமுகத்தில் நிற்கிறீர்கள், கையில் காசு குறைவு. எந்தக் கப்பலில் ஏறுவீர்கள்?" என்று கேளுங்கள். ஏழாம் வகுப்பில் கேட்டபோது பாதிப் பேர் இலவசக் கப்பலுக்குக் கை தூக்கினார்கள். ஒரு பெண், "குடையை வாங்கிட்டு நம்ம கப்பல்ல ஏறலாமா?" என்று கேட்டாள். அப்புறம் வகுப்பில் ஒரே விவாதம். இலவசக் கப்பலைச் சொன்ன பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். அன்று ஏழைகள் பலருக்கும் அந்த இழுபறி இருந்திருக்கும். அந்த இழுபறி புரிந்தால்தான் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்களின் மதிப்பும், 1908இல் சிறைக்குப் போனவரின் இழப்பும் புரியும்.

வயதைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்பதாம் வகுப்புக்குத் தில்லையாடி வள்ளியம்மை பொருத்தமானவர். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவருக்கு வயது 16. உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர். பதினோராம் வகுப்பு கிடைத்தால், அங்குள்ள பெண்களிடம் டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரைச் சொல்லலாம். ஆண்கள் மட்டும் படித்த புதுக்கோட்டைக் கல்லூரிக்குள் நுழைந்ததில் தொடங்கி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வரை அவர் வாழ்வில் எந்தக் கட்டத்தை எடுத்தாலும் பேச விஷயம் உண்டு. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புக்குத் தூக்குமேடைக் கதைகள் வேண்டாம். பயந்துபோன பிள்ளை இரவு தூங்காது.

வாள் பிடித்தவர்களோடு நின்றுவிடாமல் இருப்பதும் நல்லது. செங்கல்பட்டு மாவட்டத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் பாம்பு பிடிப்பவர்கள். பள்ளிப் படிப்பு இல்லாதவர்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் மலைப்பாம்புகள் பெருகியபோது உதவிக்கு அழைக்கப்பட்டுப் போனவர்கள். 2023இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மதுரை யா. கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள், ஊர் நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வேண்டும் என்று தன் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைக் கொடுத்தார், 2024 குடியரசு நாளில் அரசு அவருக்கு விருது கொடுத்தது. இப்படிப்பட்டவர்களைச் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் தங்கள் ஊரில் யார் யார் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

ஆவணம் உள்ள செய்தியையும் மக்கள் வாய்வழியாகச் சொல்லும் கதையையும் பிரித்துச் சொல்லுங்கள். "இப்படி ஊரில் சொல்கிறார்கள்" என்ற ஒரு வாக்கியம் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளை இதை எளிதாகப் புரிந்துகொள்ளும்.

6. சாதிக் கணக்கில் சிக்காதீர்கள்

நம் ஊரில் நாயகர்களைப் பற்றிப் பேசுகிறவர் தப்பிக்க முடியாத விஷயம் இது. விடுதலைப் போராட்ட வீரர்கள் பலரை இன்று ஒவ்வொரு சாதியும் தன்னுடையவர் என்று உரிமை கொண்டாடுகிறது, சுவரொட்டியிலும் பைக்கிலும் அவர்கள் படம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் உங்கள் எதிரில் இருப்பார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்டான். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, கையில் கட்டும் வண்ணக் கயிறுகள் உட்படப் பள்ளியில் சாதி அடையாளம் எதுவும் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. நாம் தெரியாமல் சொல்லும் ஒரு சொல்கூட அந்தக் கயிற்றின் வேலையைச் செய்துவிடும்.

நான் பின்பற்றுவதைச் சொல்கிறேன். தலைவர்களின் பெயரைச் சாதிப் பின்னொட்டு இல்லாமல் சொல்லுங்கள். நம் பாடநூல்களும் 2021 முதல் அப்படித்தான் அச்சிடுகின்றன, உ.வே.சா. அவற்றில் உ.வே. சாமிநாதர். பேசப்போகும் ஆளின் பெயரைத் தலைமை ஆசிரியரிடம் முன்பே சொல்லி, "இந்த ஊரில் இவரைப் பற்றிப் பேசினால் ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று நேரடியாகக் கேளுங்கள். உண்டு என்றால் வேறு ஆளை எடுங்கள், வாதாட வேண்டாம். கையால் வரைந்த நடுநிலையான படத்தைக் காட்டுங்கள், இணையத்தில் கிடைக்கும் படங்களில் பின்னணி நிறங்களுக்கே அர்த்தம் இருக்கும். யாராவது ஒரு பையன் "அவரு எங்க ஆளு" என்று எழுந்து சொன்னால், திட்டாதீர்கள். அவர் கூட நின்றவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள். 1801இல் மருது பாண்டியர் வெளியிட்ட திருச்சி அறிக்கை எல்லாச் சாதியினரையும் அழைத்ததை எடுத்துச் சொல்லலாம். பையன் உட்கார்ந்து கேட்பான்.

7. நாற்பது நிமிடத்தைப் பிரிப்பது

ஒரு வகுப்பு, அதிகம் போனால் இரண்டு வகுப்பு என்று கேளுங்கள். மொத்தப் பள்ளியையும் மைதானத்தில் உட்கார வைத்து ஒலிபெருக்கியில் பேசச் சொல்வார்கள். வெயிலில் அறுநூறு பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுப் பேச முடியாது. "இரண்டு பாடவேளை இருந்து நான்கு வகுப்புக்கு இரண்டிரண்டாகப் பேசுகிறேன்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். நேரம், காலை இரண்டாவது அல்லது மூன்றாவது பாடவேளை. மதிய உணவுக்கு அடுத்த வேளை வேண்டவே வேண்டாம்.

முதல் ஐந்து நிமிடம் "உங்களுக்கு யார் ஹீரோ?" என்று கேளுங்கள். விஜய், தோனி, எங்க அப்பா, எங்க ஆயா என்று வரும். நடிகர் பெயர் சொன்னதற்காக முகம் சுளித்தால் அந்த வகுப்பு உங்கள் கையைவிட்டுப் போய்விடும். எல்லாப் பெயரையும் கரும்பலகையில் எழுதுங்கள், "ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்து இருபது நிமிடம் கதை, நடுவில் "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்ற அந்தக் கேள்வி. மிச்சம் பதினைந்து நிமிடமும் பிள்ளைகளுடையது. தங்கள் தெருவில் ஒருவரைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். அவர் என்ன கஷ்டத்தில் என்ன செய்தார் என்பது அதில் வர வேண்டும். இரவு எட்டு மணிக்கும் ஊசி போட வரும் கிராமச் செவிலியர், கிணற்றில் விழுந்த ஆட்டை இறங்கித் தூக்கிய அண்ணன் என்று வரும். படிக்கப் படிக்க நமக்கே மனசு நிறையும்.

ப்ரொஜெக்டரை நம்பாதீர்கள். மின்சாரம், கேபிள், திரை மூன்றும் ஒரே நாளில் ஒத்துழைப்பது அரிது. ஏ3 அளவில் அச்சிட்ட நான்கைந்து படங்கள் போதும்.

8. செலவும் வரவும்

அரசுப் பள்ளியில் பணம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு பொன்னாடை, ஒரு நூல், டீ. சில இடங்களில் தலைமை ஆசிரியர் தன் பையிலிருந்து பேருந்துச் செலவைக் கொடுக்க வருவார், வாங்காதீர்கள். என் கணக்கில், பக்கத்து வட்டத்துக்குள் இருக்கும் பள்ளி ஒன்றுக்கு ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகிறது: போக்குவரத்து, வண்ண அச்சு, நகல்கள், நூலகத்துக்குக் கொடுக்கும் இரண்டு மூன்று பிரதிகள். படங்களைக் கெட்டி அட்டையில் ஒட்டி வைத்தால் பத்துப் பள்ளிக்கு வரும், அச்சுச் செலவு ஒருமுறையோடு போகும்.

தனியார் பள்ளியில் மதிப்பூதியம் உண்டு. தொகையையும், எத்தனை நாளில் தருவார்கள் என்பதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். ஒரு பள்ளி எனக்குத் தர வேண்டியதைத் தர ஒரு பருவம் முழுக்க இழுத்தது, எழுத்தில் இருந்ததால்தான் கடைசியில் வந்தது.

நூல் விற்பனையை அரசுப் பள்ளியில் செய்யவே செய்யாதீர்கள். காசு இல்லாத பிள்ளை தலை குனிந்து நிற்பதை ஒருமுறை பார்த்தால் உங்களுக்கே பிடிக்காது. தனியார் பள்ளி கேட்டால், பெற்றோருக்கு முன்கூட்டியே தகவல் போய், பள்ளி வழியாக மொத்தமாக வாங்கட்டும். அச்சு நூலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பதிப்பாளரின் பில் இருந்தால் போதும்.

9. அன்றைக்கு

முப்பது நிமிடம் முன்னால் போய், ஹெச்.எம். அறையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். வகுப்பில் ஆசிரியர் ஒருவர் முழு நேரமும் இருக்க வேண்டும். அவர் "நீங்க பாத்துக்கோங்க சார்" என்று வேறு வேலைக்குக் கிளம்பினால், இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு தனியாக இருக்கும் நிலை எப்போதும் வரக்கூடாது, அவர்கள் பாதுகாப்புக்கும் உங்கள் பெயருக்கும் அதுதான் நல்லது.

படம் எடுப்பதற்கு முன் தலைமை ஆசிரியரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை முகநூலில் போடாதீர்கள். பின்னாலிருந்து எடுத்த படமோ, கரும்பலகையில் எழுதிய பெயர்களின் படமோ போதும். தொலைபேசி எண் கேட்கும் பிள்ளைக்குப் பள்ளி முகவரிக்கு எழுதுவதாகச் சொல்லுங்கள், எண் கொடுக்க வேண்டாம்.

10. ஒரு வாரத்துக்குள்

தலைமை ஆசிரியருக்கு ஒரு நன்றிக் கடிதம், அனுமதி கொடுத்த அலுவலருக்கு அதன் நகல். நிகழ்ச்சி நடந்ததற்கான ஒரு சான்றைப் பள்ளியின் கடிதத்தாளில், தேதியும் முத்திரையும் இட்டுக் கேட்டு வாங்கிக் கோப்பில் சேருங்கள். பிள்ளைகள் எழுதிய ஐந்து வரித் தாள்களை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தால், படித்துவிட்டு ஒவ்வொன்றிலும் ஒரு வரி பதில் எழுதிப் பள்ளி முகவரிக்கே விரைவுத் தபாலில் அனுப்புங்கள். வகுப்பாசிரியர் பெயரும் பிரிவும் உறை மேல் இருக்கட்டும், இல்லாவிட்டால் அலுவலக அறையிலேயே தங்கிவிடும். காலாண்டு விடுமுறை தொடங்குமுன் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.